கவையும் அடிமரமும்



நம் பள்ளி முன்வாயிலருகே நிற்கும் வேப்பமரத்தை எல்லாரும் அறிவீர்கள். ஓர் ஆள் உயரம்வரை ஒரே அடிமரம். அதற்குமேல் இரண்டாகப் பிரிந்து கவையாக நிற்கிறது. மென்பொருள் உலகிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. அதனை ‘ஃபோர்க்’ என்பார்கள். தமிழில் ‘கவை’ என்றே சொல்லிவிடலாம். ஒருவர் எழுதிப் பொதுவில் வைத்த நிரலை இன்னொருவர் அப்படியே படியெடுத்து, தம் விருப்பப்படி மாற்றி வளர்த்தால் அது கவை. சென்ற கல்வியாண்டில் நாங்கள் நால்வர் சேர்ந்து இத்தகைய கவை ஒன்றை உண்டாக்கிப் பராமரிக்கப் புகுந்தோம். அதில் பட்டதையும், பட்டபின் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இரண்டொரு சொற்களுக்குப் பொருள் கூறிவிடுவது நல்லது. இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தால் பொத்தான், பட்டியல், எழுத்துப் பெட்டி, நாள்காட்டி எனப் பலவும் கண்ணில் படுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. தையல் வகுப்பில் காலரையும் பையையும் தனியே வெட்டித் தைத்துப் பிறகு சட்டையில் பொருத்துகிறோம் அல்லவா? பக்கத்தை அமைப்பவரும் அப்படித்தான். எல்லா உறுப்புகளையும் தாமே எழுதாமல், பிறர் எழுதி வைத்தவற்றை எடுத்துப் பொருத்துகிறார். இவ்வாறு எடுத்தாள இசைவு தந்து, நிரலையும் திறந்து காட்டி வைத்திருக்கும் மென்பொருளே திறமூல மென்பொருள். இசைவை எழுத்தில் தருவது உரிமம். எம்.ஐ.டி. உரிமம் போன்ற சில மிக எளியவை; எழுதியவரின் பெயரும் உரிம வாசகமும் படியில் இருந்தால் போதும் என்பவை. வேறு சில உரிமங்களோ, மாற்றிய நிரலைப் பிறருக்கு வழங்கினால் மாற்றங்களையும் திறந்து காட்டியாக வேண்டும் என்பவை. கவையை உண்டாக்குமுன் உரிமத்தைப் படிக்க வேண்டும் என்று எங்கள் கணிப்பொறி ஆசிரியை சொன்னபோது, அது ஏதோ சடங்கு என்றே நினைத்தோம். உண்மையில் அதுதான் கவைக்கே உயிர். அந்த இசைவு இல்லையேல் கவை களவாகிவிடும்.

எங்கள் கதைக்கு வருகிறோம்.

வகுப்பு நூலகத்திற்காகக் கணிப்பொறிக் கூடத்தில் ஒரு பதிவுப் பக்கம் அமைத்தோம். எடுத்த நூலின் பெயர், எடுத்தவர் பெயர், திருப்பித் தரும் நாள் இவ்வளவே அதில். நாளைக் குறிக்க ஒரு தேதிப் பெட்டி தேவைப்பட்டது. பொதுவில் கிடைத்த உறுப்பு ஒன்றை எடுத்துப் பொருத்தினோம். அழகாகவே இருந்தது. ஆனால் எங்கள் தோழி ஒருத்திக்கு வலக்கை நடுங்கும். சுட்டியைப் பிடித்துச் சிறு கட்டத்தின்மேல் நிறுத்துவது அவளால் இயலாது. எல்லாவற்றையும் விசைப்பலகையாலேயே செய்வாள். அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாள்; நாள்காட்டி விரிந்தது; அம்பு விசையை அழுத்தினாள்; ஒன்றும் நகரவில்லை. “எனக்காக நீங்களே தேதியைப் போட்டுவிடுங்கள்” என்று எழுந்து போய்விட்டாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்களுக்குத்தான் மனம் பொறுக்கவில்லை.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதலில், நாள்காட்டி எப்படி விசைகளுக்கு இசைய வேண்டும் என்பது தெளிவாகவே இருக்கிறது. இட வல அம்புகள் ஒரு நாள் நகர்த்தும். மேல் கீழ் அம்புகள் ஒரு வாரம். பக்க விசைகள் ஒரு மாதம். ‘ஹோம்’ விசை வாரத்தின் தொடக்கத்திற்கும் ‘எண்ட்’ விசை அதன் முடிவிற்கும் கொண்டு செல்லும். ‘எஸ்கேப்’ அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும். இதனைப் படித்துவிட்டு, உறுப்பின் நிரலைப் படியெடுத்து, இவ்விசைகளைச் சேர்த்தோம். பெயரோடு ‘சோதனை’ என்ற சொல்லையும் ஒட்டிவைத்தோம். ஆகஸ்டு மாதத்தில் அவள் தன் கையாலேயே தேதி போட்டாள். எங்களுக்கு உண்டான பெருமிதத்தை இங்கே எழுத வேண்டியதில்லை.

அதன்பின் காலாண்டுத் தேர்வு, விளையாட்டு விழா, அரையாண்டுத் தேர்வு. கவையை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் வேலை செய்கிறதே!

ஜனவரி 31 அன்று அத்தோழி ஒரு நூலை மாதக் கடனாக எடுத்தாள். பக்க விசையை ஒருமுறை தட்டி, எழுந்த தேதியை அப்படியே ஏற்றுப் பதிந்தாள். பெட்டி காட்டியது மார்ச் 3. அன்றே நூலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நூலகரின் தாள் பதிவேட்டிலோ பிப்ரவரி 28 என்றிருந்தது. தாமதப் பட்டியலில் அவள் பெயர் ஏறிவிட்டது. தண்டத்தையும் கட்டிவிட்டாள், எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பட்டியலைப் பலகையில் பார்த்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

பிழை எங்கே? ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஜனவரி 31 என்ற தேதியின் மாதத்தை மட்டும் ஒன்று கூட்டினால் ‘பிப்ரவரி 31’ என்றாகிறது. அப்படி ஒரு நாள் இல்லை. எனவே மிஞ்சிய நாட்களை மொழி அடுத்த மாதத்தில் தள்ளிவிடுகிறது. 31-இல் 28 போக 3; ஆகவே மார்ச் 3. லீப் ஆண்டாயின் மார்ச் 2. மூல உறுப்பிலேயே இருந்த பிழை இது. ஆனால் அதை எழுதியவர் நவம்பரிலேயே கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்! திருத்தம் அடிமரத்தில் இருந்தது. எங்கள் கவைக்கு வரவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டு வரவில்லை என்பதே சரி. சுட்டியால் தேதியைத் தொடுபவர் மாதம் தாண்டியதைக் கண்டு திருத்திக்கொண்டிருப்பார். விசையை நம்பியவளுக்குத்தான் அது தண்டமாயிற்று. யாருக்காகக் கவையை உண்டாக்கினோமோ அவளே எங்கள் அசட்டையால் பாதிக்கப்பட்டாள்.

வேப்பமரத்தின் கவைக்கு அடிமரமே நீர் தருகிறது. மென்பொருளின் கவைக்கு அப்படி எதுவும் தானாக ஏறி வராது. நாம்தான் சுமந்து ஊற்ற வேண்டும். இந்த வேற்றுமையை நாங்கள் அப்போதுதான் உணர்ந்தோம்.

திருத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இதற்கெனப் பயன்படும் ‘கிட்’ என்னும் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் லினக்ஸ் கருநிரலைப் பராமரிப்பதற்காக உருவாக்கினார். அது மூன்று படிகளை ஒப்பிடுகிறது: பிரியுமுன் இருந்த பொது நிரல், அடிமரத்தின் இன்றைய நிரல், கவையின் இன்றைய நிரல். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அம்மாற்றத்தை ஏற்கும். ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டி, “நீங்களே முடிவு செய்யுங்கள்” என்று விட்டுவிடும். இதற்கு முரண் என்று பெயர். இடைப்பட்ட மாதங்களில் மூல ஆசிரியர் ஒரே கோப்பாக இருந்ததைப் பல கோப்புகளாகப் பிரித்திருந்தார். செயற்கூறுகளின் பெயர்களையும் மாற்றியிருந்தார். நாங்களோ விசை நிரலை அவருடைய வரிகளுக்கு நடுவே கண்ட இடத்திலெல்லாம் செருகியிருந்தோம். திரை முழுதும் முரண்களாயின. ஒரு சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்தும் தீரவில்லை.

“இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று, பெரிய நிறுவனங்களுக்கும் நேர்ந்திருக்கிறது, கே.எச்.டி.எம்.எல். கதையைத் தேடிப் படியுங்கள்” என்றார் ஆசிரியை. தேடிப் படித்தோம். எங்கள் தேதிப் பெட்டியைவிட அது எத்தனையோ மடங்கு பெரிது; ஆயினும் பாடம் ஒன்றே.

ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மத்தியாஸ் எட்ரிக் 1996 அக்டோபரில் ‘கே.டி.இ.’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். லினக்ஸ் முதலிய கணிப்பொறிகளுக்கு எளிய திரை முகப்பு ஒன்றை ஆக்குவது அதன் நோக்கம். தன்னார்வலர்கள் சேர்ந்தனர். இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உறுப்பு ஒன்றும் அவர்களிடம் உருவாயிற்று. அதுவே கே.எச்.டி.எம்.எல். காங்கரர் என்னும் உலாவியில் அதனைப் பொருத்தினர். வேறு செயலிகளிலும் வேண்டிய இடத்தில் அதே உறுப்பைப் பொருத்த முடிந்தது. லார்ஸ் நோல் முதலியோர் 1999 அளவில் அதனைப் பெரிதும் திருத்தி எழுதினர். 2000 அக்டோபரில் கே.டி.இ. இரண்டாம் பதிப்போடு காங்கரர் வெளிவந்தது.

2001-இல் ஆப்பிள் நிறுவனம் தனக்கென ஓர் உலாவி செய்ய எண்ணி, இந்த உறுப்பைப் படியெடுத்து இரகசியமாகக் கவை ஒன்றைத் தொடங்கியது. 2003 ஜனவரி 7 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் சஃபாரி உலாவியை மேடையில் அறிவித்தார். அன்றே அக்குழுவின் தலைவர் டான் மெல்ட்டன், கே.டி.இ.யினருக்குக் கடிதம் எழுதி, அவர்கள் நிரலைப் பயன்படுத்தியதைத் தெரிவித்து, மாற்றங்களின் பட்டியலையும் அளித்தார். ஏன் இதனைத் தேர்ந்தனர்? நிரல் சிறியது, 1,40,000 வரிகளுக்கும் குறைவு, தெளிவாக அமைந்தது, தரங்களுக்கு இசைந்தது. தன்னார்வலர் சிலர் ஓய்வு நேரத்தில் எழுதியதைப் பெரிய நிறுவனம் தேடி வந்து எடுத்தது என்றால் அவர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எங்களுக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். கே.எச்.டி.எம்.எல். ‘க்யூட்டி’ என்ற நூலகத்தின் துணையோடு இயங்குவது. மேக் கணிப்பொறியில் அந்நூலகம் பயன்படவில்லை. வரிக்கு வரி மாற்றி எழுதுவது ஒரு வழி. ஆப்பிள் குழுவினர் அப்படிச் செய்யவில்லை. க்யூட்டி செய்யும் பணிகளை மேக்கின் வசதிகளைக் கொண்டு செய்துதரும் இடைப்பொருத்தி ஒன்றைத் தனியே எழுதினர். அதற்கு ‘கே.டபிள்யூ.க்யூ.’ என்று பெயர். வாத்தின் குரல்போல ‘குவாக்’ என்று உச்சரிப்பார்களாம். அயல்நாட்டு மின்கருவியின் செருகி நம் சுவரில் பொருந்தாவிட்டால், சுவரையா இடிக்கிறோம்? நடுவே ஓர் இணைப்புத் துண்டு வைக்கிறோம். எடுத்த நிரலைக் கூடியமட்டும் தொடாமல் விட்டால், அடிமரத்திலிருந்து வருவதைச் சேர்ப்பதும் எளிது. நம்முடையதைத் திருப்பி அளிப்பதும் எளிது.

தொடக்கம் இவ்வளவு நன்றாக இருந்தும் இரண்டே ஆண்டுகளில் கசப்பு வந்தது. சஃபாரியின் ஒவ்வொரு பதிப்போடும் ஆப்பிள் தன் நிரலை மொத்தமாகக் கட்டி வெளியிட்டது. உரிமம் கேட்டது அவ்வளவே; அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த மாற்றம் எப்போது, எதற்காக, எதனை ஒட்டிச் செய்யப்பட்டது என்ற வரலாறு அக்கட்டில் இல்லை. நூறு பேர் விடைத்தாள்களைக் கலைத்து ஒரே சாக்கில் கட்டிக் கொடுத்தால் ஆசிரியை என்ன செய்வார்? கே.டி.இ.யினர் நிலை ஏறக்குறைய அதுதான். 2005 ஏப்ரலில் ‘ஆசிட்-2’ என்ற தேர்வு வெளியாயிற்று. உலாவி தரங்களின்படி வரைகிறதா என்று பார்க்க ஒரு சிரித்த முகத்தை வரையச் சொல்லும் தேர்வு அது. அம்மாத இறுதிக்குள் ஆப்பிளின் டேவ் ஹயாட் சஃபாரியை அதில் தேறச் செய்து, தம் திருத்தங்களையும் வெளியிட்டார். “உங்கள் உறுப்புதானே, உங்கள் காங்கரரும் இனித் தேறிவிடும் அல்லவா?” என்று பலரும் கே.டி.இ.யினரைக் கேட்கலாயினர். அத்திருத்தங்களோ, இடைப்பட்ட ஆண்டுகளில் ஆப்பிள் செய்த வேறு மாற்றங்களின்மேல் நின்றவை. அவற்றை மட்டும் பிரித்து அடிமரத்தில் ஒட்ட வழியில்லை. கே.டி.இ.யினர் தம் மனக்குறையை வெளிப்படையாகவே எழுதினர்.

2005 ஜூன் 7 அன்று ஆப்பிள் தன் கவையான வெப்கிட்டின் முழு நிரற் களஞ்சியத்தையும் பிழைப் பதிவேட்டையும் வெளியாருக்குத் திறந்துவிட்டது. கே.டி.இ.யினரும் அதே ஜூன் மாதத்தில் தம் உழைப்பால் ஆசிட்-2 தேர்வில் தேறினர். எனினும் இரு மரங்களும் மீண்டும் ஒன்றாகவில்லை. காலம் கடந்துவிட்டது என்பதே எங்கள் கருத்து. ஒரு வாரத்து இடைவெளியை ஒரு மணி நேரத்தில் கடக்கலாம். நான்காண்டு இடைவெளியைக் கடக்க நல்லெண்ணம் மட்டும் போதாது.

கவையிலிருந்து மறுகவையும் பிறந்தது. 2008 செப்டம்பரில் கூகுளின் குரோம் உலாவி வெப்கிட்டைக் கொண்டே வெளிவந்தது. 2013 ஏப்ரல் 3 அன்று கூகுள் பிரிந்து ‘பிளிங்க்’ என்ற தன் கவையை அறிவித்தது. அதனால் தங்களுக்கு வேண்டாத 7,000-க்கும் மேற்பட்ட கோப்புகளையும், அவற்றிலிருந்த 45 லட்சத்திற்கும் மேற்பட்ட வரிகளையும் நீக்க முடியும் என்று அவர்கள் கூறினர். ஒரே வீட்டில் இரு குடும்பம் இருந்தபோது எவ்வளவு சாமான் நெருக்கியடித்துக் கிடந்தது என்பதற்கு இந்த எண்ணே சான்று. ஆகவே பிரிவதெல்லாம் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வழிகள் உண்மையிலேயே வேறானபின் அதனை வெளிப்படையாகச் சொல்லிப் பிரிவது இருவருக்கும் நலமே.

‘சோதனை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏனெனில் நாங்களும் அதைப் பெயரில் ஒட்டியிருந்தோம். வெப்கிட்டில் முற்றுப்பெறாத புதுமைகளுக்கு ‘வெப்கிட்’ என்ற முன்னொட்டு வைத்து வெளியிட்டார்கள். இது சோதனை, நம்பிவிடாதீர்கள் என்பதே அதன் பொருள். பக்கம் எழுதுவோர் நம்பிவிட்டனர். கைப்பேசிக்கான பக்கங்கள் அம்முன்னொட்டோடே எழுதப்பட்டன. முடிவில், வெப்கிட்டோடு தொடர்பே இல்லாத ஃபயர்பாக்ஸ் உலாவிகூட 2016-இல் வெளியான 49-ஆம் பதிப்பிலிருந்து அம்முன்னொட்டுகளில் பலவற்றை ஏற்க நேர்ந்தது. இல்லையேல் பக்கங்கள் சரியாகத் தெரியா. இத்தகைய நிலையைத் தவிர்க்கவே பிளிங்க் குழுவினர், இனிப் புதிய முன்னொட்டுகள் இல்லை. சோதனை வசதிகள் மூடிய விசைக்குப் பின்னால் இருக்கும், வேண்டுவோர் திறந்துகொள்ளலாம் என்றனர். பயன்படுத்துபவருக்குச் சோதனை என்ற பலகை கண்ணில் படுவதே இல்லை. எங்கள் தோழி அந்தச் சொல்லைப் படித்தா பக்க விசையைத் தட்டினாள்?

வீடு திரும்பிய கவை எதுவுமே இல்லையா என்று தேடினோம். ஒன்று கிடைத்தது, அது இணைய உறுப்பன்று, நிரல்மொழி பெயர்ப்பி. ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற தொகுப்பியின் வளர்ச்சி மந்தமாக இருந்ததால், 1997-இல் சிலர் ‘ஈ.ஜி.சி.எஸ்.’ என்ற சோதனைக் கவையைத் தொடங்கினர். அவர்கள் மூலத்தில் வந்த மாற்றங்களைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டே வந்தனர். தம் நிரலின் பதிப்புரிமையையும் மூலத் திட்டம் கேட்கும் முறைப்படியே எழுதி வாங்கிவைத்தனர். திரும்பும் வழியை முதல் நாளிலிருந்தே திறந்து வைத்திருந்தனர் என்று பொருள். 1999 ஏப்ரலில் அந்தச் சோதனைக் கவையே அதிகாரப்பூர்வ ஜி.சி.சி.யாக ஏற்கப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்தபின் எங்கள் பழைய கவையை நால்வரும் ஒருமனதாகத் தூக்கி எறிந்தோம். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. மூலத்தின் அன்றைய நிலையிலிருந்து புதிதாகப் படியெடுத்தோம். விசை நிரல் முழுவதையும் தனிக் கோப்பில் வைத்தோம். மூல ஆசிரியரின் வரிகளில் நாங்கள் தொட்டது இரண்டே இடம். தொட்ட இடத்தில் ஏன் தொட்டோம் என்ற குறிப்பும் உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில், மூலத்திலிருந்து நாம் எங்கெங்கு வேறுபடுகிறோம் என்று எழுதி வைத்தோம். அந்தப் பட்டியல் நீண்டால் கவலைப்பட வேண்டும், குறைந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை தோறும் கடைசிப் பாடவேளை முடிந்ததும் அடிமரத்தின் மாற்றங்களை இழுத்துச் சேர்ப்பது என்று முறை வைத்துக்கொண்டோம். மாற்றமே இல்லாத வெள்ளிகளும் உண்டு. அன்று ஐந்தே நிமிடம். நால்வரில் எவராவது விடுப்பு எடுத்தால் யார் செய்வது என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். சென்ற முறை, மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நால்வருமே நினைத்திருந்தோம்.

சோதனை நிரல்களும் எழுதினோம். ஜனவரி 31-இலிருந்து பக்க விசை தட்டினால் பிப்ரவரியின் இறுதி நாள் வருகிறதா, லீப் ஆண்டில் 29 வருகிறதா, டிசம்பர் 31-இல் வல அம்பு ஆண்டைக் கூட்டுகிறதா என்பன போன்றவை. இவை வீண்வேலை என்று எங்களில் ஒருத்தி முணுமுணுத்தாள். மார்ச் மாதம் ஒரு வெள்ளியன்று முரண் ஏதுமின்றி இணைப்பு முடிந்தது. கருவி ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் சோதனைகள் வரிசையாகத் தோற்றன. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஜனவரியின் எண் 0. அந்த வாரம் மூல ஆசிரியர், தம் செயற்கூறுகளில் மனிதர் எண்ணுவதுபோல ஜனவரியை 1 என்று மாற்றியிருந்தார். எங்கள் தனிக் கோப்பு இன்னமும் 0 என்றே எண்ணியது. வரிகள் மோதவில்லை, பொருள் மோதியது. இத்தகைய முரணை எந்தக் கருவியும் காட்டாது. முணுமுணுத்தவளே அன்று அதைத் திருத்தினாள்.

மூல ஆசிரியருக்கும் எழுதினோம். அவர் எந்த நாட்டவர் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்பவில்லை. முதலில் லீப் ஆண்டுச் சோதனையை மட்டும் அனுப்பினோம். இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டார். பிறகு நான்கு அம்பு விசைகள். அதற்கு அவர் கேட்ட வினாக்கள் எங்களைத் திணறவைத்தன. அரபு மொழிப் பக்கத்தில் வாரம் வலமிருந்து இடமாக ஓடும். அங்கே வல அம்பு எந்த நாளுக்குப் போக வேண்டும்? நாங்கள் அதை நினைத்தே பார்த்ததில்லை. இரு வாரம் உழைத்துத் திருத்தி அனுப்பினோம். கோடை விடுமுறைக்கு முன் அதுவும் சேர்ந்தது. பக்க விசைகளும் ‘ஹோம்’, ‘எண்ட்’ விசைகளும் இதை எழுதும் இந்நாள்வரை எங்கள் கவையில் மட்டுமே இருக்கின்றன.

கே.எச்.டி.எம்.எல். என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2024 பிப்ரவரியில் வெளிவந்த கே.டி.இ.யின் ஆறாம் பதிப்பு நூலகங்களில் அது இடம்பெறவில்லை. காங்கரர் உலாவி இப்போது குரோம் வழிவந்த உறுப்பைக் கொண்டே பக்கங்களை வரைகிறது. பாட்டி வீட்டில் பேத்தி அடுப்பு மூட்டுகிறாள். ஆனால் அப்பெயர் மறையவில்லை. குரோமும் சஃபாரியும் ஒவ்வொரு தளத்திற்கும் தம்மை அறிமுகப்படுத்தி அனுப்பும் வரியில் ‘கே.எச்.டி.எம்.எல்., கெக்கோவைப் போல’ என்ற பொருள்படும் சொற்கள் இன்றும் உள்ளன. கணிப்பொறிக் கூடத்தில் ஆசிரியையிடம் கேட்டால் அந்த வரியைத் திறந்து காட்டுவார்.

நூலகப் பக்கத்தின் தேதிப் பெட்டியை இவ்வாண்டு ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் இருவர் ஏற்கிறார்கள். நோட்டில் வேறுபாடுகளின் பட்டியல் பதினொன்றிலிருந்து ஐந்தாகக் குறைந்திருக்கிறது. தண்டப் பணத்தை நாங்கள் நால்வரும் பங்கிட்டுத் தோழியிடம் கொடுத்தோம், வாங்கமாட்டேன் என்றாள். பிறகு, “எஸ்கேப் அழுத்தினால் பெட்டி மூடுகிறது, ஆனால் அடுத்து நான் எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை, அதைச் சரி செய்யுங்கள்” என்றாள். நோட்டில் ஆறாவதாக அதை எழுதிக்கொண்டோம்.